மார்ஷல் நேசமணி: ஒரு சின்னக் கட்சித் தலைவரின் அரசியல் வாழ்க்கை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நேசமணி என்ற பெயர் வீட்டுப் பெயர் மாதிரி. மாவட்டத்தைத் தாண்டி நெல்லைக்கு அப்பால் போய்விட்டால், "யார் அவர்?" என்று கேட்கிறார்கள். வெளியூர் நண்பர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலை, மாலை, பட்டம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சின்னக் கட்சியின் தலைவராக அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று பார்ப்பதுதான் நோக்கம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. அதை மறைத்து எழுத நான் முயலவில்லை.

நேசமணி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அ. நேசமணி, 1895 ஜூன் 12இல் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். வழக்கறிஞர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியின் தலைவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராடி, 1956 நவம்பர் 1இல் அது நடக்கவும் கண்டார். 1968 ஜூன் 1இல் காலமானார். எங்கள் பக்கம் 'குமரித் தந்தை' என்பார்கள், 'மார்ஷல்' என்பார்கள். மார்ஷல் என்பதைக் கேட்டுப் பட்டாளத்தில் இருந்தவரோ என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, போராட்டத்தை நடத்திய விதத்துக்காக மக்கள் சூட்டிய பட்டம் அது.

பெயரிலேயே 'காங்கிரஸ்' இருக்கிறதே, அதை ஏன் சின்னக் கட்சி என்கிறீர்கள்?

பெயரில் மட்டும்தான் காங்கிரஸ். அகில இந்தியக் காங்கிரஸின் பக்கம் நின்றது திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ். அதை எதிர்த்துத் தேர்தலில் நின்றது நேசமணியின் கட்சி. மாநிலத்தின் தெற்கு மூலையிலும் செங்கோட்டைப் பக்கத்திலும் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதியிலும் மட்டும் செல்வாக்கு உள்ள கட்சி. அதை விட்டால் வேறெங்கும் கொடி பறக்காது. எந்தக் காலத்திலும் தனியாக ஆட்சி அமைக்க முடியாது, அப்படி ஒரு ஆசையும் அதற்கு இல்லை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை. அது நிறைவேறினால் கட்சி இருந்து நடத்த வேண்டிய வேலை முடிந்துவிடும். இப்படித் தன் முடிவைத் தானே கேட்டு வாங்கும் கட்சிகள் அரிது.

இங்கே பெயரைச் சுருக்கித் தி.த.நா.கா. என்று எழுதுகிறேன்.

திருவிதாங்கூரில் தமிழர்களுக்கு அப்படி என்ன குறை?

இதற்குப் பெரிய பெரிய காரணங்களைச் சொல்லலாம். நான் ஒரு பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டி காலத்து நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பத்திரம் என்று சொல்ல மாட்டோம், 'ஆதாரம்' என்போம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, ஓரம் பழுப்பேறிப் போன தாள். அதில் ஒரு வரிகூட எங்களால் வாசிக்க முடியாது. முழுக்க மலையாளம். பாட்டி பேசியது தமிழ், கோயிலில் பாடியது தமிழ், திட்டியதும் தமிழ். அவருடைய தென்னந்தோப்புக்கு நாலு எல்லை எது என்று சொல்லும் தாள் மட்டும் அவருக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. எதுவென்றாலும் ஒரு ஆளைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாசிக்கிறவர் சொன்னதுதான் சட்டம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இப்படிப்பட்ட ஆதாரங்கள் இல்லாத பழைய வீடுகள் குறைவு.

அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நிலைமை இதுதான். பெரிய பதவிகளில் தமிழர்கள் மிகக் குறைவு. அதோடு சாதிக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. திருவிதாங்கூரில் நாடார் முதலான சமூகங்கள் பட்ட பாடு தெரிந்ததே. சமஸ்தானத்தில் மக்களாட்சி வரப்போகிறது, மலையாளம் பேசும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 'ஐக்கிய கேரளம்' ஆகப்போகிறது என்ற பேச்சு 1940களில் பலமானபோது, தமிழர்களுக்கு ஒரு பயம் வந்தது. ராஜா காலத்தில் இருந்ததைவிட இன்னும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுவோமோ என்ற பயம். தி.த.நா.கா. பிறந்தது அந்தப் பயத்தில்தான்.

அந்த நாற்காலிக் கதை உண்மையா?

நாகர்கோவிலில் எல்லோரும் சொல்லும் கதை இது. 1921இல் நேசமணி நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அங்கே உயர்சாதி வழக்கறிஞர்கள் உட்கார நாற்காலியும், மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்தார்களாம். நேசமணி முதல் நாளே தனக்குப் போட்டிருந்த முக்காலியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பார்கள். எத்தினாரா, கையால் ஒதுக்கினாரா என்று சொல்கிறவருக்குச் சொல்கிறவர் மாறும். கதை இத்தனை காலம் வாயிலிருந்து வாய்க்கு வந்திருக்கிறது என்பதிலிருந்தே ஒன்று புரிகிறது. மக்கள் அவரைக் கட்சித் தலைவராகப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தங்களுக்காக வழக்காட ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று பார்த்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர் தொழிலில் பெயர் வாங்கினார், நாகர்கோவில் நகராட்சித் தலைவராக இருந்தார். அதாவது, எல்லைப் போராட்டத்துக்கு வரும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வீடு, தொழில், வருமானம், ஊரில் மரியாதை எல்லாம் கைக்கு வந்த பிறகு, சிறைக்குப் போகும் அரசியலுக்கு வந்தவர் அவர்.

கட்சியை அவரே தொடங்கினாரா?

இல்லை. இதை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1945 கடைசியில் நாகர்கோவிலில் 'அனைத்துத் திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ்' என்ற பெயரில் அமைப்பு தொடங்கியது. சாம் நத்தானியேல், பத்திரிகையாளர் பி.எஸ். மணி போன்றவர்கள்தான் விதை போட்டவர்கள். அடுத்த ஆண்டு பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று மாறியது. 1947 செப்டம்பரில் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் நடந்த கூட்டத்தோடுதான் நேசமணி முழுமூச்சாக உள்ளே வருகிறார்.

விதை போட்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் நேசமணி வந்த பிறகுதான் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் கிராமங்கள் மொத்தமாகத் திரண்டன. அதுவரை நாகர்கோவில் படித்தவர்களின் இயக்கமாக இருந்தது, பனையேறியும் கூலிக்காரரும் நாலணா கொடுத்துச் சேரும் கட்சியாக மாறியது.

தேர்தலில் எத்தனை இடங்கள் பிடித்தார்கள்?

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் அப்படி ஒரு தேர்தல் நடக்க இன்னும் மூன்றரை ஆண்டு இருந்தது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸ் 97, தி.த.நா.கா. 14. அந்தத் தேர்தல் நாள்களிலேயே எங்கள் குமரிப் பக்கத்து மாங்காட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலம் ஆனது. 1951-52 பொதுத்தேர்தலில் 108 இடங்களில் தி.த.நா.கா.வுக்கு 8. நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குப் போனார். 1954 தேர்தலில் 117 இடங்களில் 12.

வெறும் எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அன்றைய சட்டமன்றக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அப்படி என்ன செய்துவிட முடியும்?

ஆட்சியைக் கவிழ்க்க முடியும். கவிழ்த்தார்கள்.

1952இல் 108 பேர் சபையில் காங்கிரஸுக்கு 44 பேர்தான். பெரும்பான்மைக்கு 55 வேண்டும். ஏ.ஜே. ஜான் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தபோது, தி.த.நா.கா.வின் எட்டுப் பேருடைய கையும் அதைத் தாங்கியது. காங்கிரஸை எதிர்த்து நின்று ஜெயித்த கட்சி காங்கிரஸுக்கே ஆதரவு கொடுத்ததா என்று கேட்கலாம். கொடுத்தது. தமிழர்களின் கோரிக்கைக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. வழி பிறக்கவில்லை என்று தெரிந்ததும் 1953 செப்டம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டது. அமைச்சரவை தோற்றது, சபை கலைந்தது, மறு தேர்தல் வந்தது.

அந்த மறு தேர்தலில்தான் எட்டு பன்னிரண்டு ஆனது. ஆட்சியைக் கவிழ்த்தவர்களை மக்கள் தண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர் கொடுத்த பதில் அது.

1954இல் கணக்கு இன்னும் விசித்திரமானது. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோசலிஸ்ட் 19, தி.த.நா.கா. 12, ஆர்.எஸ்.பி. (புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி) 9, மீதி சுயேச்சைகள். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகக் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, 19 பேர் கொண்ட பிரஜா சோசலிஸ்ட் கட்சி ஆட்சி அமைத்தது. முதல்வரானவர் பெயர் பட்டம் தாணுப்பிள்ளை. ஆளும் கட்சிக்கும் 'சின்னக் கட்சி'க்கும் இடையில் ஏழே பேர் வித்தியாசம்! அப்படிப்பட்ட சபையில் பன்னிரண்டு பேர் ஒரே குரலில் பேசினால் யாராலும் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

நேசமணியின் அரசியலில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கட்சி ஆதரவு கொடுத்தாலும் விலக்கினாலும் காரணம் ஒன்றாகவே இருந்தது. கோரிக்கை மாறவே இல்லை. எந்த நிலையில் இவர்கள் என்ன செய்வார்கள் என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும், ஓட்டுப் போட்டவருக்கும் தெரியும்.

பட்டம் தாணுப்பிள்ளைக்கும் நேசமணிக்கும் என்ன பகை?

சொந்தப் பகை என்று சொல்ல மாட்டேன். பட்டம் தாணுப்பிள்ளை சாதாரண ஆள் அல்ல. சமஸ்தானத்தில் திவான் சி.பி. ராமசாமி ஐயரை எதிர்த்து மக்களாட்சிக்காகப் போராடிச் சிறை சென்றவர். 1948இல் காங்கிரஸ்காரராகத் திருவிதாங்கூரின் பிரதமர் ஆனார். 1954இல் சோசலிஸ்டாக முதல்வர் ஆனார். கட்சி மாறினாலும் தெற்குத் தாலுகாக்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் அவர் மாறவில்லை. இரண்டு பக்கமும் பிடிவாதக்காரர்கள். வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் கையில் போலீஸ் இருந்தது.

1954 ஆகஸ்ட் 11இல் என்ன நடந்தது?

அதற்கு ஒரு மாதம் முன்னால் மலைப்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் மேல் அடக்குமுறை நடக்கிறது என்று தி.த.நா.கா. போராட்டம் அறிவித்தது. ஜூலை தொடக்கத்தில் நேசமணியும், அப்துல் ரசாக்கும், சிதம்பரநாதனும் தடை உத்தரவை மீறி மூணாறுக்குப் போய்க் கைதானார்கள். நேசமணிக்கு அப்போது 59 வயது.

தலைவர் கைதான செய்தி தெற்கே வந்ததும் ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. ஆகஸ்ட் 11ஆம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடுவது என்று கட்சி அறிவித்தது.

புதுக்கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஊர் இல்லை. மார்த்தாண்டம் பக்கமிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் ஒரு சந்திப்பு, அதைச் சுற்றிக் கடைகள். மார்த்தாண்டம் கொஞ்சம் பெரிய சந்தை. பழைய ஆட்கள் தொடுவெட்டி என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டு இடங்களிலும் அன்று ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் செத்தார்கள். பலர் குண்டுக் காயத்தோடு உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பல நாள்கள் வீடு வீடாகத் தேடுதல், அடி, கைது. ஆண்கள் தோட்டங்களிலும் உறவுக்காரர் வீடுகளிலும் ஒளிந்து கிடந்ததைப் பற்றி எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கதை வரும். செத்தவர்களில் தலைவர்கள் யாரும் இல்லை. கூலி வேலை செய்தவர்கள், பனையேறியவர்கள், ஊர்வலத்தில் கூட நடந்தவர்கள்.

இன்றும் ஆகஸ்ட் 11 வந்தால் அந்தத் தியாகிகளுக்கு மரியாதை செலுத்துகிறார்கள். தலைவர்களின் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இந்த நாளையும் மறக்காமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதில் ராம் மனோகர் லோகியா எங்கே வந்தார்?

அகில இந்திய அளவில் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாதான். அப்போது அவர் உத்தரப் பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். சுதந்திர இந்தியாவில், அதுவும் ஒரு சோசலிஸ்ட் அரசு, சொந்த மக்களையே சுடலாமா என்று கேட்டு, பட்டம் அமைச்சரவை பதவி விலக வேண்டும், நீதி விசாரணை வேண்டும் என்று சிறையிலிருந்தே தந்தி கொடுத்தார். நாட்டிலேயே தன் கட்சி ஆள்கிற ஒரே மாநிலத்தின் ஆட்சி அது. அதையே விடச் சொன்னார்.

கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. லோகியா பொதுச்செயலாளர் பதவியை விட்டார். அந்த விரிசல் பெரிதாகி, அவர் வெளியேறித் தனியாகச் சோசலிஸ்ட் கட்சி தொடங்கும் வரை போனது. புதுக்கடையில் சுட்ட குண்டு ஒரு அகில இந்தியக் கட்சியைப் பிளந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு வடநாட்டுத் தலைவர், முகம் தெரியாத எங்கள் ஊர்க் கூலிக்காரர்களுக்காகச் சொந்தக் கட்சியோடு மோதினார் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.

1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவு போனதும் பட்டம் அமைச்சரவை விழுந்தது.

சரி, மாநிலச் சீரமைப்புக் குழுவிடம் என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது?

பசல் அலி, ஹிருதயநாத் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட குழுவை 1953 டிசம்பரில் மத்திய அரசு அமைத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, கொச்சிப் பக்கத்துச் சித்தூர் என ஒன்பது தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்பது தமிழர் தரப்புக் கோரிக்கை.

1955 செப்டம்பரில் வந்த அறிக்கை ஐந்தைப் பரிந்துரைத்தது. தெற்கே நாலு தாலுகா, அப்புறம் செங்கோட்டை. 1956 நவம்பர் 1இல் அந்த நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. செங்கோட்டையின் மலைப்பக்கம் கேரளத்தில் நிற்க, மீதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது.

தேவிகுளம், பீர்மேட்டை நேசமணி விட்டுக்கொடுத்துவிட்டாரா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. பெரியாறு அணைப் பிரச்சினை செய்தியில் வரும்போதெல்லாம் வரும், ஏனென்றால் அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில்.

விட்டுக்கொடுத்தார் என்று சொல்வது நியாயம் இல்லை. அந்தத் தாலுகாக்களுக்காக மூணாறு வரை போய்க் கைதானவரைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது. குழு சொன்ன காரணம் வேறு. அங்கே இருக்கும் தமிழர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்றது. மலைவளமும் நீர்மின்சாரமும் சமவெளியின் நெரிசலுக்கு மாற்று நிலமும் கேரளத்துக்குத் தேவை என்ற வாதமும் எடுபட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களை வந்து போகிறவர்கள் என்று எழுதியது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஒரு குறையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கட்சியின் வேர் ஆழமாக இருந்தது தெற்கில். மலையில் தொழிலாளர்களை நம்பியிருந்த பலத்துக்கும், கல்குளம் விளவங்கோட்டில் ஊர் ஊராக இருந்த பலத்துக்கும் வித்தியாசம் உண்டு. அதோடு, சென்னை மாகாணத்தின் ஆளும் காங்கிரஸ் டெல்லியில் இதற்காகப் பலமாக வாதாடவில்லை என்ற மனக்குறை அன்றைய தி.த.நா.கா.காரர்களுக்குக் கடைசிவரை இருந்தது. தமிழ்நாட்டின் வடக்கெல்லைக்காகப் போராடிய ம.பொ. சிவஞானம் போன்ற சிலர்தான் அந்தப் பக்கமிருந்து உரக்கக் குரல் கொடுத்தார்கள்.

நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதன் பலனை விளவங்கோட்டு விவசாயிகள் வேறு விதமாக அனுபவிக்கிறார்கள். கேரளத்தில் இருக்கும் நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் தண்ணீர் வரவில்லை. வறண்ட கால்வாயில் புல் முளைத்துக் கிடக்கிறது.

அது ஒரு சாதிக் கட்சி என்று சொல்கிறார்களே?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கட்சியின் பெரும் பலம் நாடார் சமூகத்திலிருந்து வந்தது, நேசமணியும் அந்தச் சமூகத்தவர். அதை மறுக்கத் தேவையில்லை. நாஞ்சில் நாட்டில், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தில், குறிப்பாக வேளாளர் மத்தியில், கட்சி மேல் தயக்கம் இருந்ததும் உண்மை.

ஆனால் பெயர்களைப் பாருங்கள். பி. தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார், பொன்னப்ப நாடார் ஒரு பக்கம். தக்கலைப் பக்கத்து அப்துல் ரசாக், நூர் முகமது ஒரு பக்கம். தோவாளைப் பக்கத்து பி. ராமசாமிப் பிள்ளை ஒரு பக்கம். இந்துவும் கிறித்தவரும் இஸ்லாமியரும் ஒரே மேடையில் நின்றார்கள். இன்று எங்கள் மாவட்டத்தில் மதத்தின் பெயரால் நடக்கும் சச்சரவுகளைப் பார்க்கும்போது, அந்த மேடை எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றுகிறது. சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் மொழியின் பெயரால் திரண்டார்கள் என்பதுதான் சரியான வாசிப்பு என்று நினைக்கிறேன். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது.

இணைப்புக்குப் பிறகு கட்சி என்ன ஆனது?

1957 தேர்தலை ஒட்டி இந்திய தேசியக் காங்கிரஸில் இணைந்துவிட்டது. கோரிக்கை நிறைவேறியது, கட்சி கலைந்தது. பெயர்ப் பலகையை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் பேரம் பேசியிருக்கலாம். செய்யவில்லை.

இதிலும் விமர்சனம் உண்டு. காங்கிரஸை எதிர்த்தே வளர்ந்தவர்கள் காங்கிரஸிலேயே போய்ச் சேர்ந்தார்களே என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். என் கணக்கு இது: அவர்கள் எதிர்த்தது திருவனந்தபுரத்தின் காங்கிரஸை. சேர்ந்தது சென்னையின் காங்கிரஸில். புதிதாகச் சேர்ந்த மாவட்டத்துக்குச் சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் ஆளும் கட்சிக்குள் ஆள் இருக்க வேண்டும். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தின் திட்டங்கள் இங்கே நிறையவே வந்தன. மாத்தூர் தொட்டிப் பாலம் 1966இல் முடிந்தது. அதன் மேல் நின்று பார்த்தால், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் நடந்து போவதைக் காணலாம். கீழே பறளியாறு. விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர் அது.

ஆனால் தனிக் கட்சியாக இருந்தபோது பேசிய கூர்மையை அந்தக் குரல் இழந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலைத் தாலுகாக்களைப் பற்றிப் பேச ஒரு அமைப்பு இல்லாமல் போனது அதன் விலை.

அவர் அமைச்சராக இருந்தாரா?

இல்லை.

பிறகு என்ன பதவிகளில் இருந்தார்?

1957இல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இலும் 1967இலும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்கு. 1967 தேர்தல் தமிழ்நாட்டில் காங்கிரஸை அடியோடு சாய்த்த தேர்தல். காமராஜரே விருதுநகரில் தோற்றார். அந்த அலையிலும் நேசமணி ஜெயித்தார்.

அடுத்த ஆண்டு அவர் இறந்ததால் காலியான நாகர்கோவில் தொகுதிக்கு 1969இல் இடைத்தேர்தல் வந்தது. நின்றவர் காமராஜர். சொந்த ஊர் தோற்கடித்த தலைவரை எங்கள் ஊர் ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியது. 1971இலும் அனுப்பியது. பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை வேறு மாநிலமாக இருந்த தொகுதி அது.

இன்று அவர் நினைவு எங்கே இருக்கிறது?

நாகர்கோவில் வேப்பமூடு பக்கம் மணிமண்டபமும் சிலையும் இருக்கின்றன. மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி. என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ்தான். 1997 வரை எங்கள் மாவட்டத்து அரசுப் பேருந்துகளில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய நாள்களில் ஜன்னலோரம் போகிற பஸ்ஸைப் பார்த்து 'நே-ச-ம-ணி' என்று படித்துத்தான் அந்தப் பெயர் எனக்கு அறிமுகம். யார் அது என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாயே, அதுக்குக் காரணமான ஆள்" என்றார். அன்றைக்கு அது புரியவில்லை. தகரப் பெட்டியிலிருந்த ஆதாரத்தைப் பிறகு ஒருநாள் விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

நவம்பர் 1க்கும் ஜூலை 18க்கும் என்ன சண்டை?

நவம்பர் 1 மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்த நாள், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். ஜூலை 18, அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள். 2019இல் நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்று அரசு கொண்டாடியது. 2021இல் அது ஜூலை 18 என்று மாறியது. நவம்பர் 1இல் எல்லைப் போராட்டத் தியாகிகளைச் சிறப்பிப்பது என்று ஆனது.

சென்னையில் இருக்கிறவர்களுக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எங்களுக்கு நவம்பர் 1தான். அன்று காலையில் வேப்பமூட்டுக்கு வந்து பாருங்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையாக வந்து மாலை போட்டுவிட்டுப் போன பிறகு, வெயில் ஏறும் நேரத்தில், வேட்டி கட்டிய வயதானவர்கள் சிலர் தனியாக வருவார்கள். அவர்களில் யாரிடமாவது 1954ஐப் பற்றிக் கேளுங்கள்.